எக்செல் தானாக மூடிக்கொள்கிறது, ரிப்பேர் போட்டும் தீரவில்லை: எந்தக் கருவியை முதலில் எடுப்பது?

#1 பேரேடு

வணக்கம். விண்டோஸ் 11, மைக்ரோசாஃப்ட் 365, 64 பிட். ஆறு கணினிகளில் இரண்டில் மட்டும் தொல்லை.

முதல் கணினியில் எக்செல் எந்தச் செய்தியும் காட்டாமல் பட்டென்று மூடிக்கொள்கிறது. பெரும்பாலும் பிரிண்ட் ப்ரிவ்யூ திறக்கும்போது, சில நேரம் பேஜ் லேஅவுட்டுக்கு மாறும்போது. இந்த ஃபைல்தான் என்றில்லை. புதிதாகத் திறந்த வெற்று ஷீட்டில் நாலு எண் அடித்துப் ப்ரிவ்யூ பார்த்தாலும் மூடுகிறது.

இரண்டாவது கணினியில் மூடுவதில்லை, உறைந்து நிற்கிறது. தலைப்புப் பட்டையில் 'நாட் ரெஸ்பாண்டிங்' வருகிறது. இது ஒரே ஒரு ஃபைலில்தான். 14 ஷீட், அளவு வெறும் 9 எம்பி. அந்த ஃபைலை மற்ற கணினிகளில் யாரும் திறப்பதில்லை.

இதுவரை செய்தவை: இரண்டிலும் க்விக் ரிப்பேர் இரண்டு முறை, எஸ்எஃப்சி ஸ்கேன் (விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் கட்டளை) ஒரு முறை. ஸ்கேன் எல்லாம் சரி என்கிறது.

ஆஃபீஸ் 2007-இல் ஆப்ஷன்ஸ், ரிசோர்சஸ் பக்கத்தில் 'டயக்னோஸ்' என்று ஒரு பட்டன் இருந்தது. அதுபோல இப்போது ஏதாவது உண்டா? இல்லையென்றால் விண்டோஸோடு வரும் கருவிகளை எந்த வரிசையில் எடுப்பது? வெளியிலிருந்து எதையும் இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை. அட்மின் உரிமை இருக்கிறது.

#2 நீலத்திரை

2007-இல் இருந்த ஆஃபீஸ் டயக்னாஸ்டிக்ஸ் 2010 பதிப்பிலேயே போய்விட்டது. அது தனி மந்திரம் எதுவும் செய்யவில்லை. டிஸ்க், மெமரி, செட்டப், அப்டேட், பல பதிப்புகள் ஒன்றாக இருப்பதால் வரும் மோதல் என்று வரிசையாகச் சோதித்தது. அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸில் வெவ்வேறு இடத்தில் இன்றும் இருக்கின்றன. அதனால் இழப்பு என்று பெரிதாக எதுவுமில்லை.

உங்கள் வரிசைதான் தலைகீழ். ரிப்பேரும் எஸ்எஃப்சியும் மருந்து. நோய் என்ன என்று பார்க்கும் முன்பே கொடுத்திருக்கிறீர்கள். முதலில் எது விழுந்தது என்று படியுங்கள், பிறகு கை வைக்கலாம்.

ஸ்டார்ட்டில் 'ரிலையபிலிட்டி' என்று தேடுங்கள், 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், 1 முதல் 10 வரை மதிப்பெண். மதிப்பெண்ணை மறந்துவிடுங்கள், அதனால் பயன் குறைவு. சிவப்புப் பெருக்கல் குறி உள்ள நாளைத் தொட்டால் கீழே அன்று விழுந்த நிரல்களின் பட்டியல் வரும். அதே பட்டியலில் அன்று ஏறிய அப்டேட்டுகள், டிரைவர்கள், புதிய நிரல்களும் இருக்கும். இந்தக் கருவியின் முழுப் பயனும் அதுதான்: முதல் சிவப்புக் குறி எந்த நாளில் தொடங்குகிறது, அதற்கு முந்தைய ஓரிரு நாளில் என்ன மாறியது என்பது ஒரே திரையில் தெரிந்துவிடும்.

அடுத்து ஈவன்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸ், அதில் அப்ளிகேஷன். வலப்பக்கம் 'ஃபில்டர் கரன்ட் லாக்' சொடுக்கி, ஈவன்ட் ஐடி பெட்டியில் 1000,1001,1002,1026 என்று கமா போட்டு அடியுங்கள்.

1000 என்றால் நிரல் விழுந்தது. 1002 என்றால் நிரல் பதில் சொல்லாமல் நின்றது. 1001 என்பது விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் அதைத் தொகுத்து வைத்த பதிவு. 1026 இருந்தால் டாட்நெட்டில் (மைக்ரோசாஃப்டின் நிரல் தளம்) எழுதிய ஏதோ ஒன்று, அநேகமாக ஓர் ஆட்-இன் (ஆஃபீஸோடு ஒட்டி ஓடும் துணை நிரல்), பிடிபடாத பிழையை எறிந்திருக்கிறது. உங்கள் இரண்டு கணினிகளுக்கும் வேறு வேறு எண் வரும் என்று நினைக்கிறேன். வந்தால் இரண்டையும் தனித்தனி வழக்காகவே நடத்துங்கள்.

1000 பதிவு ஒவ்வொன்றிலும் நான்கு வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஃபால்டிங் மாட்யூல் நேம் (எந்த நிரல் துண்டில் விழுந்தது), அதன் முழுப் பாதை, எக்செப்ஷன் கோட் (பிழையின் எண்), ஃபால்ட் ஆஃப்செட் (அந்தத் துண்டுக்குள் விழுந்த இடம்). ஒரு பதிவு போதாது, குறைந்தது ஐந்தாறு வேண்டும். இந்த லாக்கின் இயல்பான உச்ச அளவு 20,480 கேபி. நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு எழுதும். எனவே இன்றே 'சேவ் ஃபில்டர்டு லாக் ஃபைல் ஆஸ்' கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது முடிந்ததும் முதல் கணினியில் சேஃப் மோட். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடியே எக்செல் ஐகானைச் சொடுக்கினால், சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும். விசையை அந்தக் கேள்வி வரும்வரை விடக்கூடாது. முன்னதாக விட்டால் சாதாரணமாகத்தான் திறக்கும், நீங்களும் சேஃப் மோடில் சோதித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். தலைப்புப் பட்டையில் 'சேஃப் மோட்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதே வெற்று ஷீட், அதே ப்ரிவ்யூ. விழுகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

#3 அவசரக்காரன்

இவ்வளவு எதற்கு? ஆன்லைன் ரிப்பேர் போடுங்கள், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. லாக் படித்துக்கொண்டிருந்தால் ஆபீஸ் நடக்காது.

#4 நீலத்திரை

ஆன்லைன் ரிப்பேர் என்பது கிட்டத்தட்ட ஆஃபீஸை எடுத்துவிட்டு இணையத்திலிருந்து இறக்கி மறுபடி போடுவது. க்விக் ரிப்பேர் இணையம் இல்லாமல், கெட்டுப்போன நிரல் ஃபைல்களை மட்டும் மாற்றும். இரண்டும் தொடுவது ஆஃபீஸின் சொந்த ஃபைல்களை. மற்ற நிறுவனங்களின் ஆட்-இன், பிரிண்டர் டிரைவர், பயனரின் நார்மல் டெம்ப்ளேட், எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டர் (எக்செல் தொடங்கும்போது தானாகத் திறக்கும் ஃபைல்கள் இருக்கும் இடம்), கெட்டுப்போன ஒர்க்புக் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

அது சரியான மருந்தாகும் இடமும் உண்டு. விழுந்த மாட்யூலின் பாதை 'மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ரூட், ஆஃபீஸ்16' ஃபோல்டருக்குள் இருக்கிறது, அதே பில்டு உள்ள மற்ற கணினிகளில் விழவில்லை, க்விக் ரிப்பேரும் பலன் தரவில்லை: அப்போது தாராளமாகப் போடுங்கள். பில்டு எண்ணை ஃபைல், அக்கவுண்ட் பக்கத்தில் ஒப்பிடலாம். இங்கே பாதையே இன்னும் தெரியாது.

எஸ்எஃப்சி பற்றியும் ஒரு வரி. அது சரிபார்ப்பது விண்டோஸின் ஃபைல்களை மட்டுமே. எக்செல் ஃபைல்கள் அதன் பட்டியலிலேயே இல்லை. 'எல்லாம் சரி' என்று அது சொன்னதை வைத்து ஆஃபீஸைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒருவேளை அது பிழை கண்டு சரிசெய்ய முடியவில்லை என்று சொன்னால், டிஸ்ம் கட்டளையை ரீஸ்டோர்ஹெல்த் வகையில் ஓட்டி முடித்து, அதன் பிறகு எஸ்எஃப்சியை மீண்டும் ஓட்ட வேண்டும். எஸ்எஃப்சி நல்ல பிரதியை எடுப்பது விண்டோஸ் தன் மூல ஃபைல்களை வைத்திருக்கும் கம்போனென்ட் ஸ்டோரிலிருந்து; டிஸ்ம் சரிசெய்வது அதைத்தான். அந்த ஸ்டோரே கெட்டிருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே பதில்தான்.

#5 பேரேடு

குறித்து வந்தேன்.

முதல் கணினி: கடந்த 11 நாளில் ஏழு 1000 பதிவுகள். அதில் நான்கில் மாட்யூல் என்டிடிஎல்எல், கோட் சி0000374. இரண்டில் மாட்யூல் பெயர் புரியவில்லை, ஆனால் பாதை சிஸ்டம்32, ஸ்பூல், டிரைவர்ஸ், எக்ஸ்64, 3 என்று போகிறது; கோட் சி0000005; இரண்டிலும் ஆஃப்செட் ஒன்றே. மீதி ஒன்று மறுபடி என்டிடிஎல்எல், சி0000005. சேஃப் மோடிலும் ப்ரிவ்யூவில் விழுந்தது. அப்படியென்றால் ஆட்-இன் காரணமில்லை, ஆஃபீஸேதான் கெட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? என்டிடிஎல்எல் விண்டோஸ் ஃபைல் என்பதால் விண்டோஸைச் சந்தேகிக்கவும் தோன்றுகிறது.

ரிலையபிலிட்டியில் முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய நாள் ஒரு பிரிண்டர் டிரைவர் ஏறியதாக இருக்கிறது.

இரண்டாவது கணினி: 1000 ஒன்றுகூட இல்லை. 1002 மட்டும் ஒன்பது.

#6 கம்பிச்சுருள்

என்டிடிஎல்எல் பெயரைப் பார்த்து விண்டோஸைக் குற்றம் சொல்வதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. சி0000374 என்பது ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகப் பகுதி) சிதைந்துவிட்டது என்ற அறிவிப்பு. யாரோ தனக்குக் கொடுத்த நினைவக எல்லையைத் தாண்டி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு வேறொரு வேலைக்காக நினைவகத்தைக் கேட்கும்போதோ விடுவிக்கும்போதோ என்டிடிஎல்எல் அந்தச் சேதத்தைக் கண்டுபிடித்து நிரலை நிறுத்துகிறது. பிணத்தைப் பார்த்துத் தகவல் சொன்னவர் அவர். கொன்றவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

ஆகவே என்டிடிஎல்எல் பெயர் வந்த ஐந்தையும் ஓரமாக வையுங்கள். மீதி இரண்டுதான் சாட்சி. ஸ்பூல், டிரைவர்ஸ், எக்ஸ்64, 3 என்ற ஃபோல்டர் மூன்றாம் வகைப் பிரிண்டர் டிரைவர்கள் குடியிருக்கும் இடம். அதே ஆஃப்செட் இரண்டு முறை என்பது குருட்டு வாய்ப்பாக இருக்க முடியாது. ஒரே வரியில் இரண்டு முறை தடுக்கியிருக்கிறது. ரேம் பழுதாக இருந்தால் மாட்யூலும் ஆஃப்செட்டும் ஒவ்வொரு முறையும் எங்கெங்கோ போகும், எக்செல் மட்டுமில்லாமல் பிரவுசர், எக்ஸ்ப்ளோரர் எல்லாம் பட்டியலில் வரும்.

சேஃப் மோட் பற்றி: அது ஆட்-இன்களை ஏற்றாது, எக்ஸ்எல்ஸ்டார்ட் ஃபோல்டரைத் திறக்காது. பிரிண்டர் டிரைவரை அது தடுப்பதே இல்லை. எக்செல் பக்கம் எங்கே முறிகிறது, ஓரம் எவ்வளவு, எழுத்து எத்தனை அகலம் என்பதையெல்லாம் டிஃபால்ட் பிரிண்டரிடம் கேட்டுத்தான் கணக்கிடுகிறது. கேட்கும்போது டிரைவரின் டிஎல்எல் (நிரல் துண்டு ஃபைல்) எக்செல்லின் சொந்த புராசஸுக்குள் ஏறிவிடும். அது தடுக்கினால் எக்செல் விழும். நீங்கள் பிரிண்ட் கொடுத்திருக்கவே வேண்டாம், ப்ரிவ்யூவோ பேஜ் பிரேக் ப்ரிவ்யூவோ போதும். பிரிண்ட் மேனேஜ்மென்ட்டில் டிரைவர் ஐசொலேஷன் என்று ஒன்று உண்டு. அது அச்சு வேலைகளை வரிசையில் நடத்தும் ஸ்பூலரைத்தான் காக்கும், எக்செல்லைக் காக்காது.

நிரூபிக்க இரண்டு நிமிடம் போதும். செட்டிங்ஸ், ப்ளூடூத் & டிவைசஸ், பிரிண்டர்ஸ் & ஸ்கேனர்ஸ் போங்கள். 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்பதை அணையுங்கள். இதை விட்டுவிட்டால் அடுத்து எந்தப் பிரிண்டருக்கு அச்சு கொடுத்தாலும் அதுவே டிஃபால்ட் ஆகிவிடும், சோதனை கெட்டுவிடும். பிறகு 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை டிஃபால்ட் ஆக்கி, எக்செல்லை முழுதாக மூடித் திறந்து, அதே வெற்று ஷீட்டில் பத்து முறை ப்ரிவ்யூ பாருங்கள். ஒருமுறைகூட விழவில்லை என்றால் டிரைவர்தான்.

பிறகு அந்த டிரைவரை அகற்ற வேண்டும். பிரிண்டரை நீக்கினால் டிரைவர் போய்விடாது, பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதே செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' இருக்கும். திறந்து டிரைவர்ஸ் தாவலில் அதைத் தேர்ந்து ரிமூவ் கொடுங்கள். 'இன் யூஸ்' என்று மறுத்தால் சர்வீசஸில் பிரிண்ட் ஸ்பூலரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, உடனே மறுபடி ரிமூவ். அப்புறம் தயாரிப்பாளர் தரும் வேறு பதிப்பைப் போடுங்கள்.

#7 கோப்புக்குள்

இரண்டாவது கணினிக்கு வருகிறேன். 1002 மட்டும், அதுவும் ஒரே ஃபைல். இது கணினியின் நோயாக இருக்க வாய்ப்பு குறைவு, ஃபைலின் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதலில் அந்த ஃபைலின் பிரதியை மூன்றாவது கணினி ஒன்றில் திறந்து பாருங்கள். அங்கும் உறைந்தால் இந்தக் கணினியை நிம்மதியாக விட்டுவிடலாம்.

உறைந்திருக்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜர், டீட்டெய்ல்ஸ். எக்செல் வரியில் வலது சொடுக்கு, 'அனலைஸ் வெயிட் செயின்'. எக்செல் வேறு யாருக்காகவோ காத்திருந்தால் அந்த மரத்தில் அவர் பெயர் வரும், இல்லையென்றால் நெட்வொர்க் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்று வரும். இயல்பாக ஓடுகிறது என்று சொன்னால் காத்திருப்பு இல்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. சிபியு எண்ணையும் பாருங்கள். எட்டு த்ரெட் உள்ள கணினியில் எக்செல் விடாமல் 12, 13 சதவீதத்தில் நின்றால் அதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். ஒரு த்ரெட் மூச்சுமுட்ட ஓடுகிறது என்று பொருள்.

அடுத்து ஃபைலின் உள்ளே. பிரதி எடுத்து, அதன் எக்ஸ்டென்ஷனை ஜிப் என்று மாற்றித் திறங்கள். எக்ஸ்எல் என்ற ஃபோல்டருக்குள் 'ஒர்க்ஷீட்ஸ்', 'டிராயிங்ஸ்' என்று இரண்டு இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் டீட்டெய்ல்ஸ் பார்வை வைத்து, சுருக்கிய அளவை விட்டு, விரிந்த அளவு காட்டும் நெடுவரிசையைப் பாருங்கள். எக்ஸ்எம்எல் மிக நன்றாகச் சுருங்கும். வெளியே 9 எம்பி தெரிவது உள்ளே பல மடங்கு இருக்கலாம். டிராயிங் ஃபைல் ஒன்று பத்து எம்பிக்கு மேல் போனால் அந்த ஷீட்டில் ஆயிரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாத ஷேப்கள் இருக்கின்றன. வலைப்பக்கத்திலிருந்தோ வேறு ஷீட்டிலிருந்தோ காப்பி பேஸ்ட் செய்யும்போது படங்கள், செக்பாக்ஸ்கள் கூடவே வந்துவிடும். வரிகளை அழிக்கும்போது அவை சாவதில்லை, உயரம் பூஜ்ஜியமாகி ஒரே கோட்டில் அடுக்கிக் கிடக்கும். அந்த வரிகளை மறுபடி காப்பி செய்தால் எண்ணிக்கை இரட்டிக்கும்.

எக்செல்லுக்குள் ஆல்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் செலக்‌ஷன் பேன். அதில் பெயர்கள் முடிவில்லாமல் ஓடினால் அதுதான். அழிக்க: எஃப்5, ஸ்பெஷல், ஆப்ஜெக்ட்ஸ், ஓகே, டிலீட். நல்ல சார்ட்டும் பட்டன்களும்கூட சேர்ந்து போய்விடும், ஆகவே பிரதியில் மட்டும். டிலீட் அழுத்தியதும் நீண்ட நேரம் உறையும், எண்டு டாஸ்க் கொடுக்காமல் காத்திருங்கள்.

டிராயிங் சிறிதாக இருந்து ஒர்க்ஷீட் எக்ஸ்எம்எல் பெரிதாக இருந்தால் வேறு கதை. ஒவ்வொரு ஷீட்டிலும் கன்ட்ரோல் எண்டு அழுத்துங்கள். தரவு 800-ஆம் வரியில் முடிந்தும் கர்சர் 10,48,576-ஆம் வரிக்குப் பாய்ந்தால், யாரோ தரவுக்குக் கீழே கடைசி வரிவரை வெற்று செல்களுக்கு ஃபார்மேட் அடித்திருக்கிறார்கள். உங்கள் பதிப்பில் ரிவ்யூ தாவலில் 'செக் பெர்ஃபார்மன்ஸ்' இருந்தால் அந்த வெற்று செல்களை அதுவே கண்டுபிடித்துத் துடைத்துத் தரும். கண்டிஷனல் ஃபார்மேட்டிங், மேனேஜ் ரூல்ஸில் 'திஸ் ஒர்க்ஷீட்' தேர்ந்து பாருங்கள். ஒரே விதி நூறு துண்டாக உடைந்து கிடந்தால் எல்லாவற்றையும் நீக்கி ஒன்றாக எழுதுங்கள்.

#8 வெள்ளைத்தாள்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு வேர்ட். திறந்த ஐந்து விநாடியில் விழுகிறது. 1000 பதிவில் மாட்யூல் கெர்னல்பேஸ், கோட் இ0434352. சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது. 12 ஆட்-இன் இருக்கின்றன, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டுமா?

#9 கம்பிச்சுருள்

இ0434352 டாட்நெட் பிழையின் குறி. கெர்னல்பேஸ் அந்தப் பிழையை எறிய உதவிய கை மட்டும்தான். அதே விநாடியில் 1026 பதிவு இருக்கும், அதைத் திறங்கள். பிழையின் பெயருக்குக் கீழே அழைப்பு வரிசை நீளமாக வரும். 'சிஸ்டம்' என்றும் 'மைக்ரோசாஃப்ட்' என்றும் தொடங்கும் வரிகளைத் தாண்டிப் போனால் முதலில் வரும் வேற்றுப் பெயர் பெரும்பாலும் அந்த ஆட்-இன்தான்.

பெயர் பிடிபடவில்லை என்றால் பாதி பாதியாகப் பிரியுங்கள். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ், அடியில் மேனேஜ் பெட்டியில் 'காம் ஆட்-இன்ஸ்', கோ. ஆறை அணைத்துத் திறங்கள். விழுந்தால் குற்றவாளி இயங்கும் ஆறில், விழாவிட்டால் அணைத்த ஆறில். 12-க்கு நான்கு சுற்றுக்கு மேல் போகாது. சில ஆட்-இன்கள் எல்லாப் பயனருக்கும் பொதுவாகப் பதியப்பட்டிருக்கும், அவற்றை அணைக்க அட்மினாகத் திறக்க வேண்டும்.

சேஃப் மோடில் ஓடியும் எல்லா ஆட்-இன்னையும் அணைத்த பிறகு விழுந்தால் நார்மல் டெம்ப்ளேட்டைச் சந்தேகியுங்கள். வேர்டையும் அவுட்லுக்கையும் மூடிவிட்டு, ரோமிங் ஃபோல்டருக்குள் மைக்ரோசாஃப்ட், டெம்ப்ளேட்ஸ் போய் அதன் பெயரை மாற்றுங்கள். அழிக்க வேண்டாம், உங்கள் மேக்ரோவும் ஸ்டைலும் அதில்தான் இருக்கின்றன. வேர்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

#10 பேரேடு

முதல் கணினி: பிடிஎஃப்பை டிஃபால்ட் ஆக்கியதும் பத்துக்குப் பத்து தப்பித்தது. டிரைவரை ரிமூவ் செய்து, பிரிண்டரை மறுபடி சேர்த்தேன். மறுபடி விழுகிறது! அதே மாட்யூல், அதே ஆஃப்செட். டிரைவர் இல்லையோ?

இரண்டாவது கணினி: மூன்றாவது கணினியிலும் உறைந்தது. வெயிட் செயின் இயல்பாக ஓடுகிறது என்றது, சிபியு 12 சதவீதம். ஜிப்பில் பார்த்தால் டிராயிங்1 விரிந்த அளவு 38 எம்பி. செலக்‌ஷன் பேனைத் திறந்ததே தவறு, அதுவே பத்து நிமிடம் உறைந்தது.

#11 கோப்புக்குள்

38 எம்பிக்கு அது உறையத்தான் செய்யும், அதை முன்பே எச்சரித்திருக்க வேண்டும். பேனை விடுங்கள், நேரே எஃப்5 வழி. அதுவும் தாங்கவில்லை என்றால் புதிய ஒர்க்புக் திறந்து, தரவை காப்பி செய்து பேஸ்ட் ஸ்பெஷலில் முதலில் ஃபார்முலாஸ், பிறகு ஃபார்மேட்ஸ், பிறகு காலம் விட்த்ஸ் என்று மூன்று முறை ஒட்டுங்கள். இப்படி ஒட்டினால் ஷேப்கள் வராது. ஷீட்டை அப்படியே 'மூவ் ஆர் காப்பி' செய்தால் எல்லாக் குப்பையும் கூடவே வரும். பழைய ஒர்க்புக்கைச் சுட்டும் ஃபார்முலாக்கள் வந்துவிட்டனவா என்று டேட்டா தாவலில் லிங்க்ஸைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

#12 கம்பிச்சுருள்

ஆஃப்செட் அதே என்றால் டிரைவரும் அதே பதிப்புதான். ரிமூவ் கொடுக்கும்போது ஒரு கேள்வி வந்திருக்கும்: 'ரிமூவ் டிரைவர் ஒன்லி', 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்'. முதலாவதைத் தேர்ந்திருப்பீர்கள். அது ஸ்பூல் ஃபோல்டரிலிருந்து மட்டும் எடுக்கும். மூலப் பொட்டலம் டிரைவர் ஸ்டோரில் கிடக்கும். பிரிண்டரைச் சேர்த்ததும் விண்டோஸ் அதையே எடுத்து மறுபடி போட்டிருக்கிறது.

திரும்பச் செய்யுங்கள், இம்முறை இரண்டாவது தேர்வு. பிறகு 1000 பதிவில் இருக்கும் மாட்யூல் வெர்ஷனையும், புதிதாகப் போட்டபின் டிஎல்எல்லின் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் தாவலில் காட்டும் வெர்ஷனையும் ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால்தான் மாறியது என்று பொருள்.

#13 நீலத்திரை

அதற்குப் பிறகும் விழுந்தால், ஊகத்தை நிறுத்திவிட்டு டம்ப் (விழும் நொடியில் நிரலின் நினைவகத்தின் பிரதி) எடுக்கலாம். வெளிக்கருவி வேண்டியதில்லை. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் வரை போய், 'லோக்கல்டம்ப்ஸ்' என்று ஒரு கீ, அதற்குள் எக்செல்லின் இஎக்ஸ்இ பெயரிலேயே இன்னொரு கீ உருவாக்குங்கள். அதில் 'டம்ப்டைப்' என்ற டிவேர்டு, மதிப்பு 2. இது முழு டம்ப். 1 என்றால் மினி. எண்ணிக்கை எதுவும் கொடுக்காவிட்டால் கடைசிப் பத்தை வைத்துக்கொள்ளும். அடுத்த முறை விழும்போது பயனரின் லோக்கல் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் 'கிராஷ்டம்ப்ஸ்' என்ற இடத்தில் ஃபைல் விழுந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. முழு டம்ப் என்பது அந்த நேரத்தில் எக்செல் நினைவகத்தில் வைத்திருந்த எல்லாமும். திறந்திருந்த சம்பளப் பட்டியல் உட்பட. பொதுவெளியில் ஏற்றாதீர்கள், டிரைவர் தயாரிப்பாளருக்கு அனுப்புவதாக இருந்தாலும் வெற்று ஷீட்டில் விழவைத்து எடுத்ததையே அனுப்புங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கீயை நீக்குங்கள், இல்லாவிட்டால் பத்து முழு டம்ப் வரை டிஸ்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

பின்னால் படிப்பவர்களுக்காக இன்னும் ஒரு கோட்: சி0000006 வந்தால் மாட்யூல் பெயரைப் பார்க்கவே வேண்டாம். நிரலின் பக்கம் ஒன்றை டிஸ்கிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ படிக்க முடியவில்லை என்று பொருள். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாக்குக்குப் போய் 'டிஸ்க்' என்ற மூலத்தில் 7, 51, 153 எண்களைத் தேடுங்கள். 7 இருந்தால் பேட் பிளாக். பேக்கப்தான் முதல் வேலை, ஆஃபீஸ் அப்புறம்.

#14 பேரேடு

பேக்கேஜோடு எடுத்தேன். இரண்டாவது தேர்வு முதலில் 'இன் யூஸ்' என்று மறுத்தது, ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்த கையோடு கொடுத்ததும் ஒப்புக்கொண்டது. தயாரிப்பாளர் தளத்தில் இருந்த முந்தைய பதிப்பைப் போட்டிருக்கிறேன். டிஎல்எல் வெர்ஷன் மாறியிருக்கிறது. நான்கு நாளாக 1000 பதிவு இல்லை. டிஃபால்ட் பிரிண்டரை விண்டோஸ் மாற்றுவதை அணைத்தே வைத்திருக்கிறேன்.

மற்றது, பேஸ்ட் ஸ்பெஷல் வழியில் 14 ஷீட்டையும் மாற்றியாகிவிட்டது. புதிய ஃபைல் 1.6 எம்பி, திறக்க மூன்று விநாடி. ஒரு ஷீட்டில் மட்டும் டிராப்டவுன்கள் வரவில்லை.

#15 கோப்புக்குள்

டிராப்டவுன் டேட்டா வேலிடேஷன் வகையாக இருந்தால் பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேலிடேஷன்' என்று தனியாக இருக்கிறது, அதையும் ஒருமுறை ஒட்டுங்கள், வந்துவிடும். ஃபார்ம் கன்ட்ரோலாக இருந்தால் அதுவும் ஷேப்தான். நல்லதை மட்டும் பழைய ஃபைலில் தேர்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வர வேண்டியதுதான்.